யானையைக் கண்ட கமரா எங்கே யோசிக்க வேண்டும்?

2025 பெப்ரவரி 20ஆம் திகதி, பொழுது விடிவதற்கு முன், மட்டக்களப்புப் பாதையில் ஓடும் மீனகயா ரயில் ஹபரணைப் பகுதியில் யானைக் கூட்டமொன்றின்மீது மோதியது. குறைந்தது ஆறு யானைகள் இறந்தன. ரயில் தடம் புரண்டது. பயணிகள் உயிர் தப்பினார்கள். அந்தப் பாதையில் அது முதலாவது மோதலுமல்ல. மாகோ சந்தியைத் தாண்டி ஹபரணை, கல்லோயா, மின்னேரியா, பொலன்னறுவை, வெலிக்கந்தை, புனானை என்று போகும் அந்த இரவு ரயிலில் கிழக்கு மாகாணத்தவர் எல்லோருமே ஒரு தடவையாவது போயிருப்போம். யானை நிற்கிறது என்று நடுக்காட்டில் ரயில் நின்ற கதையும் நம்மில் பலரிடம் இருக்கும்.

விபத்துக்குப் பிறகு வழமையான விவாதங்கள் நடந்தன. வேகக் கட்டுப்பாடு, நேர அட்டவணை மாற்றம், சாரதிக்குப் பார்வை மறைக்கும் வளைவுகள், தண்டவாளத்தோரப் பற்றைகள். இவற்றோடு இந்த முறை புதிதாக ஒன்று சேர்ந்துகொண்டது. “ஏஐ கமரா பூட்டினால் பிரச்சினை தீர்ந்தது” என்று முகநூலில் எழுதாதவர் குறைவு. கமரா பார்க்கும், யானை என்று கண்டுபிடிக்கும், சாரதிக்கு அறிவிக்கும். கேட்கச் சுலபமாகத்தான் இருக்கிறது.

நான் படித்தது ஊடகக் கற்கை, பொறியியல் அல்ல. ஆனால் அந்த வசனத்தின் நடுவில் இருக்கும் “கண்டுபிடிக்கும்” என்ற சொல் என்னை விடவில்லை. யானையைக் கண்டுபிடிப்பது ஒரு கணிப்பு. கணிப்புக்கு ஒரு கணினி வேண்டும். அந்தக் கணினி எங்கே இருக்கப்போகிறது? காட்டுக்குள் கமராவின் வயிற்றிலா, பக்கத்து ரயில் நிலையத்திலா, கொழும்பிலா, சிங்கப்பூரிலுள்ள ஏதோ ஒரு தரவு மையத்திலா? அதற்கு மின்சாரம் யார் கொடுப்பது? கணினித்துறையில் இந்தக் கேள்விக்கென்றே ஒரு பெரிய ஆய்வுப் பிரிவு இருக்கிறது. விளிம்புக் கணிமையில் சக்தியைச் சிக்கனப்படுத்தும் பணி ஒப்படைப்பும் வளப் பங்கீடும் என்று அதைத் தமிழில் சொல்லலாம். பெயர் பயமுறுத்தினாலும் உள்ளே இருப்பது நம் வீட்டுக் கணக்குத்தான்: இந்த வேலையை நானே செய்வதா, இன்னொருவரிடம் கொடுப்பதா, கொடுத்தால் கொண்டுபோய்க் கொடுக்கும் செலவு எவ்வளவு?

அனுப்புவதும் செலவுதான்

2010இல் அமெரிக்காவின் பேர்டியூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திக் குமார், யுங்-சியாங் லு ஆகிய இருவர் ஐட்ரிபிள்ஈ சஞ்சிகையொன்றில் ஒரு சிறிய கட்டுரை எழுதினார்கள். கைபேசியின் வேலையைத் தூரத்துக் கணினிக்கு அனுப்பினால் பற்றரி மிஞ்சுமா என்பதுதான் கேள்வி. அவர்கள் காட்டிய சமன்பாட்டில் மூன்று விடயங்கள் முக்கியம். வேலை எவ்வளவு பெரியது, அனுப்ப வேண்டிய தரவு எவ்வளவு பெரியது, இணைப்பு எவ்வளவு வேகமானது.

அவர்கள் தந்த உதாரணம் சதுரங்கம். பலகையில் காய்கள் எங்கே நிற்கின்றன என்று சொல்ல ஒரு குறுஞ்செய்தியளவு தரவு போதும். ஆனால் அடுத்த நகர்வைக் கணிக்க கோடிக்கணக்கான சாத்தியங்களைப் பார்க்க வேண்டும். தரவு சிறிது, வேலை பெரிது. எனவே அனுப்பிவிடுவது இலாபம். இதற்கு எதிர்ப்பக்கத்தில் இருப்பது காணொளி. தரவு மலையளவு, அதில் நாம் கேட்கும் கேள்வி சிலவேளை மிகச் சிறியது.

என் தொழிலிலேயே இதைத் தினமும் பார்க்கிறேன். ஒரு மணிநேர நேர்காணலின் குரல்பதிவைச் சுருக்கினால் ஏழெட்டு மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். அதை எழுத்தாக்குவதோ கைபேசிக்குப் பாரமான வேலை. கை சுடும், பற்றரி இறங்கும். ஆகவே சேர்வருக்கு அனுப்புகிறேன். ஆனால் ஒரு நிமிடக் காணொளி நூறு மெகாபைட்டைத் தொட்டுவிடும். அதை அப்படியே அனுப்புவதைவிட கைபேசியிலேயே வெட்டிச் சுருக்கி அனுப்பினால் நேரமும் மிச்சம், டேட்டாவும் மிச்சம். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு அறிவிக்கப்பட்ட நாட்களில் இந்தக் கணக்கைப் போடாத ஊடகவியலாளர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். சமன்பாடு தெரியாமலே எல்லோரும் போட்டோம்.

அந்தச் சமன்பாட்டில் வெளியே தெரியாத ஒரு செலவும் இருக்கிறது. கைபேசியின் வானொலிப் பகுதி தரவை அனுப்பி முடித்த கணமே தூங்கிவிடுவதில்லை. இன்னும் ஏதாவது வரலாம் என்று சில செக்கன்கள் விழித்தே இருக்கும். 2009இல் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 3ஜி வலையமைப்பில் அளந்து பார்த்தபோது, சாதாரணமான ஒரு சிறு தரவுப் பரிமாற்றத்துக்குச் செலவாகும் சக்தியில் ஏறத்தாழ 60 சதவீதம் இப்படி வெறுமனே விழித்திருப்பதில்தான் போனது. 4ஜி வந்த பிறகும் இந்த வால் முற்றாக ஒழியவில்லை. எனவே பத்துச் சிறு செய்திகளைப் பத்துத் தடவை அனுப்புவதும், சேர்த்து ஒரே தடவையில் அனுப்புவதும் பற்றரிக்கு ஒன்றல்ல. பதில் வரப் பிந்தினாலும் இதே கதைதான். தூரத்துச் சேர்வர் யோசித்து முடிக்கும்வரை நமது வானொலி கொட்டாவி விட்டபடி காத்திருக்கிறது.

இங்கேதான் “விளிம்பு” வருகிறது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் மகாதேவ் சத்தியநாராயணனும் சகாக்களும் 2009இல் ஒரு யோசனையை முன்வைத்தார்கள். (அவர் சென்னை ஐஐடியில் படித்தவர்.) கணினிகளை எல்லாம் தூரத்து மேகத்தில் குவிக்காமல், பாவனையாளருக்கு ஒரு தாவல் தூரத்தில் சின்னச் சின்னதாக வையுங்கள் என்றார்கள். “கிளவுட்லெற்” என்று பெயரிட்டார்கள், மேகத்துண்டு. 2014இல் ஐரோப்பியத் தொலைத்தொடர்புத் தரநிலை நிறுவனமான எற்சி, கைபேசிக் கோபுரங்களின் பக்கத்திலேயே கணினிகளை வைப்பதற்கான தரநிலைக் குழுவை ஆரம்பித்தது. இன்று 5ஜி விளம்பரங்களில் கேட்கும் “எட்ஜ்” இதுதான்.

வேகத்துக்காகவா?

விளிம்புக் கணிமையை விற்பவர்கள் முதலில் சொல்வது வேகம். தூரத்துக்குப் போய்வர நேரமெடுக்கும், பக்கத்தில் என்றால் உடனே பதில். ரயில் விடயத்தில் இதைக் கொஞ்சம் சந்தேகத்துடன்தான் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் போகும் ரயில் ஒரு செக்கனில் 17 மீற்றர் போகும். சிங்கப்பூருக்குப் போய்வர 200 மில்லிசெக்கன் எடுத்தாலும் அந்த நேரத்துக்குள் ரயில் நகர்வது மூன்று மீற்றர் சொச்சம். ரயிலை நிறுத்தத் தேவைப்படும் தூரம் அதைப்போலப் பலமடங்கு. மூன்று மீற்றரால் யானை தப்பப்போவதுமில்லை, சாகப்போவதுமில்லை.

அப்படியானால் கணிப்பைப் பாதையோரத்துக்குக் கொண்டுவர ஏன் பாடுபட வேண்டும்? காரணம் இரண்டு: இணைப்பு, மின்சாரம். மீனகயா மோதுவதற்குப் பதினொரு நாட்களுக்கு முன், அதே பெப்ரவரியில், நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது ஞாபகமிருக்கும். பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததே காரணம் என்று அமைச்சர் சொன்னார், உலகமே சிரித்தது. அப்படியொரு நாளில் காட்டிலுள்ள கமரா சூரிய ஒளியில் ஓடிக்கொண்டிருந்தாலும், அதன் படத்தைக் கொண்டுபோக வேண்டிய கோபுரம் ஓடாவிட்டால் அது வெறும் கண்ணாடித் துண்டு. தூரத்துக் கணினியில் தங்கியிருக்கும் கமராவுக்கு வழியில் எது அறுந்தாலும் மூளை போய்விடும்.

மின்சாரக் கணக்கை நான் கொப்பியில் போட்டுப் பார்த்தேன். எண்கள் ஒரு மாதிரிக்குத்தான். சாதனத்துக்குச் சாதனம் மாறும். ஆனால் அளவுகளின் ஒழுங்கு பிழைக்காது.

ஒரு கமராத் தூணுக்கு 12 வோல்ற், 20 அம்பியர்மணி ஈய-அமில பற்றரி ஒன்று என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 240 வாட்மணி. இந்த வகைப் பற்றரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் கெடும், ஆகவே பாவிக்கக்கூடியது 120. இருட்டு பன்னிரண்டு மணிநேரம். கமரா 3 வாட் எடுக்கிறது.

முதலாவது வழி, தூணிலேயே ஒரு சிறிய கணினி. படத்தில் பொருட்களை அடையாளம் காணக்கூடிய, உள்ளங்கையளவு பலகைகள் இருக்கின்றன. முழுமூச்சாக ஓடினால் 10 வாட் அளவில் எடுக்கும். கமராவுடன் 13 வாட். பன்னிரண்டு மணிநேரத்துக்கு 156 வாட்மணி. விடியுமுன்பே பற்றரி முடிந்துவிடும். யானைகள் நடமாடும் நேரமும் மீனகயா மோதிய நேரமும் அதுதான்.

இரண்டாவது வழி, தூணில் கணினியே வேண்டாம், காணொளியை அப்படியே அனுப்புவது. மோடம் 3 வாட் என்றால் கமராவுடன் 6 வாட், இரவுக்கு 72 வாட்மணி. பற்றரி தாங்கும். ஆச்சரியம்தான்: இந்தக் கணக்கில் அனுப்புவதே மலிவு! ஆனால் செக்கனுக்கு 4 மெகாபிற் வேகத்தில் அனுப்பினால் ஒரு தூணிலிருந்து ஓர் இரவில் 21 கிகாபைற்றுக்கு மேல் போகும். பத்துத் தூண்கள் வைத்தால் ஒரு கோபுரத்தின் மேல்நோக்கிய கொள்ளளவில் கணிசமான பங்கை வெறும் இருட்டைப் படம்பிடித்து அனுப்பியே நிரப்பிவிடுவோம். சேர்வர் எடுக்கும் மின்சாரம் இதில் சேரவேயில்லை. அது எங்கோ ஒரு மீற்றரில் ஓடுகிறது.

மூன்றாவது வழி இடைப்பட்டது. தூணில் ஒரு மெலிந்த மூளை. 1 வாட்டில் ஓடும் படக்கணிப்புச் சில்லு. அதற்கு யானையையும் எருமையையும் பிரித்தறியும் திறமை தேவையில்லை. “பெரிதாக ஏதோ அசைகிறது” என்று சொன்னால் போதும். சொல்லும்போது மட்டும் மோடம் விழித்து, சில படங்களை நிலையத்திலுள்ள பெரிய கணினிக்கு அனுப்பும். அது முடிவு சொல்லும். 4 வாட் வீதம் 48 வாட்மணி, மோடத்துக்கு இன்னும் ஒன்றிரண்டு. ஏறத்தாழ 50. வெயிலில்லாத ஒரு நாளையும் தாண்டி இரண்டாவது இரவுக்கும் தாங்கும். ஆய்வுக் கட்டுரைகள் இதைப் பகுதி ஒப்படைப்பு என்கின்றன. எனக்குத் தெரிந்த மொழியில் சொன்னால், வாசலில் நிற்பவர் பொதுவான கேள்விகளுக்குத் தானே பதில் சொல்லிவிட்டு, சிக்கலான ஆளை மட்டும் உள்ளே அனுப்புவது.

இது வெறும் கற்பனையுமில்லை. ரிசோல்வ் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு அமைப்பு 2019இல் ட்ரெயில்கார்ட் ஏஐ என்ற காட்டுக் கமராவை அறிமுகப்படுத்தியது. இன்ரெல் நிறுவனத்தின் மோவிடியஸ் சில்லு கமராவுக்குள்ளேயே படத்தைப் பார்த்து, வேட்டைக்காரர் போன்ற மனித உருவம் தெரிந்தால் மட்டும் செய்தி அனுப்பும். பழைய கமராக்கள் காற்றில் ஆடும் கிளைக்கும் அசையும் புல்லுக்கும்கூடப் படமெடுத்து அனுப்பி, பற்றரியைத் தின்றுகொண்டிருந்தன. புதியது ஒன்றரை வருடம்வரை பற்றரி தாங்கும் என்று அறிவித்தார்கள். சில்லு பெரிய அறிவாளியாக இருந்ததால் அது நடக்கவில்லை. எதை அனுப்பக்கூடாது என்று தெரிந்திருந்ததால் நடந்தது.

அட்டவணை என்ற மலிவான அறிவு

நான்காவதாக ஒரு வழியும் இருக்கிறது. இதை எந்தக் கட்டுரையும் எனக்குச் சொல்லித்தரவில்லை, ரயில் நிலையத்தின் கரும்பலகை சொல்லித்தந்தது. ரயில் வராத நேரத்தில் தண்டவாளத்தில் யானை நிற்பது ஒரு பிரச்சினையே இல்லை. அது யானையின் காடு. ஓர் இரவில் ஆறு ரயில்கள் போகின்றன என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொன்றுக்கும் முன்னால் நாற்பது நிமிடம் கமரா முழுமையாக விழித்திருந்தால் போதும். மொத்தம் நான்கு மணிநேரம், 4 வாட் வீதம் 16 வாட்மணி. மிச்ச நேரமெல்லாம் செய்திக்குக் காதுகொடுத்திருக்கும் மோடம் மட்டும், 0.3 வாட் என்றால் இரவு முழுவதற்கும் நாலு வாட்மணிக்குள். சேர்த்து 20. அதே பற்றரி ஆறு இரவுகள் தாங்கும்.

ஆறு இரவு என்பது வெறும் எண்ணல்ல. வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் பொலன்னறுவைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் நாலைந்து நாள் சூரியனே தெரியாமல் மூடிக்கிடக்கும். சூரியகலத்தை நம்பிய எந்தத் திட்டமும் பரீட்சிக்கப்படுவது மார்கழியில்தான், திறப்புவிழா நடக்கும் வெயில் நாளிலல்ல.

நமது ரயில்கள் அட்டவணைப்படி ஓடுவதில்லையே என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. எனவே தூண் அட்டவணையை நம்பக்கூடாது. “ரயில் ஹபரணையை விட்டுவிட்டது” என்ற செய்தியை நம்ப வேண்டும். அந்தச் செய்தி ஒரு குறுஞ்செய்தியைவிடச் சிறியது. சில எழுத்துகளை அனுப்பி ஒரு தூணின் பல மணிநேர மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறோம். செய்தி வராமலே போனால், அதாவது மோடம் கோபுரத்தைத் தொலைத்துவிட்டால், பாதுகாப்பான பக்கம் சாய்ந்து கமரா தானாகவே விழித்திருக்க வேண்டும். பற்றரி கரையும். பரவாயில்லை, அதற்காகத்தான் பற்றரி.

அவசரப்படாமல் கணிப்பதிலும் ஒரு மிச்சம் இருக்கிறது. புரொசசரின் வேகத்தைக் கூட்டும்போது அழுத்தத்தையும் கூட்ட வேண்டியிருப்பதால், ஒரே வேலைக்கு ஆகும் சக்தி வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும் என்று பொறியியலாளர்கள் தோராயமாகக் கணக்கிடுவார்கள். பாதி வேகத்தில் செய்தால் இருமடங்கு நேரம், கால்பங்கு சக்தி. ரயில் இரண்டு கிலோமீற்றருக்கு அப்பால் இருந்தால் கைவசம் இரண்டு நிமிடம் இருக்கிறது. ஒரு படத்தை 0.2 செக்கனில் பார்த்தாலென்ன, ஒரு செக்கனில் பார்த்தாலென்ன? ஆனால் இதற்கும் எல்லை உண்டு. மிக மெதுவாகச் செய்தால் சாதனம் முழுவதும் விழித்திருக்கும் அடிப்படைச் செலவு நீண்டுகொண்டே போகும். மிச்சம் பிடித்ததை அது தின்றுவிடும். கெடுவுக்குச் சற்று முன்னால் முடிப்பதுதான் சரியான இடம்.

எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டால்?

இதுவரை ஒரு தூணைப் பற்றிப் பேசினோம். வளப் பங்கீடு என்ற இரண்டாவது பாதி தொடங்குவது தூண்கள் பலவாகும்போதுதான். தமிழ்நாட்டில் கோயம்புத்தூருக்குப் பக்கத்தில், மதுக்கரை வனச்சரகத்தில், எட்டிமடைக்கும் வாளையாருக்கும் இடைப்பட்ட ரயில் பாதைகளில் 2024 பெப்ரவரியில் 12 கோபுரங்களுடன் ஒரு முன்னெச்சரிக்கைத் திட்டம் தொடங்கப்பட்டது. செலவு 7.24 கோடி இந்திய ரூபா. வெப்பக் கமராவும் சாதாரணக் கமராவும் இருக்கின்றன, கட்டுப்பாட்டறை இருக்கிறது, அங்கிருந்து ரயில் சாரதிக்குத் தகவல் போகிறது. இந்தியாவின் வடகிழக்கு எல்லைப்புற ரயில்வே வேறொரு வழியில் போயிருக்கிறது: தண்டவாளத்தோரம் ஏற்கெனவே புதைந்திருக்கும் ஒளியிழை வடத்தையே காதாக்கி, யானையின் காலடி அதிர்வைக் கேட்பது. அங்கே காட்டுக்குள் பற்றரியே தேவையில்லை. கணிப்பு முழுவதும் நிலையத்தில். வடம் இருக்கும் இடத்தில் அது கெட்டித்தனமான வழி.

கமராவுக்கே திரும்பினால், பன்னிரண்டு தூண்களுக்கு நிலையத்தில் ஒரு கணினி என்று எடுங்கள். ஒரு காற்றடிக்கும் இரவில் ஐந்து தூண்கள் ஒரே நேரத்தில் “ஏதோ அசைகிறது” என்கின்றன. யாருடைய படம் முதலில் பார்க்கப்படும்? வந்த வரிசைப்படி என்றால், ரயில் ஏற்கெனவே கடந்துபோன இடத்தில் ஆடும் மரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, ரயில் நெருங்கும் இடத்தில் நிற்கும் யானை வரிசையில் காத்திருக்கும். ரயிலுக்குக் கிட்டவுள்ள தூணுக்கு முன்னுரிமை என்று சொல்லலாம். சந்தேகம் அதிகமான படத்துக்கு முன்னுரிமை என்றும் சொல்லலாம். பற்றரி இறங்கிய தூணை அதிகம் தொந்தரவு செய்யாதே என்றும் சொல்லலாம். மூன்றும் ஒன்றோடொன்று மோதும்.

ஆய்வுக் கட்டுரைகள் இந்த மோதலை ஒரு வரியில் தீர்த்துவிடுகின்றன: தாமதத்துக்கு ஓர் எடை, சக்திக்கு ஓர் எடை, இரண்டையும் கூட்டிச் சிறிதாக்கு. கணிதம் அழகாகத்தான் இருக்கிறது. அந்த எடைகளை யார் தீர்மானிப்பது என்பது பெரும்பாலும் “எடை அ, எடை ஆ என்க” என்ற வரியோடு கடந்துபோகிறது. எனக்கு அந்த வரியில்தான் அரசியல் இருப்பதாகப் படுகிறது. பற்றரியை மிச்சம்பிடிக்கச் சந்தேக வரம்பை உயர்த்தினால் ஒரு யானை தவறிப்போகலாம். தாழ்த்தினால் ஓர் இரவில் இருபது பொய் எச்சரிக்கை போகும். மூன்றாவது நாள் சாரதி அந்த விளக்கைப் பார்ப்பதையே விட்டுவிடுவார். அந்த வரம்பு எங்கே நிற்க வேண்டும் என்று சொல்ல வேண்டியவர்கள் ரயில் சாரதிகளும் வனவிலங்கு அதிகாரிகளும். கேள்விப்பத்திரத்தில் அவர்களுடைய பெயர் முதலிலேயே இருக்க வேண்டும்.

இதே சிக்கல் யானை இல்லாத ஊர்களிலும் இருக்கிறது. ஒரு கைபேசிக் கோபுரத்தின் நிழலில் நிற்பவருக்கும் அதன் எல்லையில் வயல் கரையில் நிற்பவருக்கும் சமிக்ஞை ஒன்றல்ல. கைபேசியின் அளவீட்டுத் திரையில் மைனஸ் 85 டிபிஎம் என்று காட்டினால் நல்லது. மைனஸ் 115 என்றால் அது முப்பது டெசிபல் குறைவு, அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு. பலவீனமான இடத்தில் கைபேசி சத்தமாகக் கத்த வேண்டும். சாதாரண 4ஜி கைபேசி கத்தக்கூடிய உச்சம் 200 மில்லிவாட். அதையும் தொட்ட பிறகு செய்ய முடிவது ஒன்றுதான், மெதுவாக, நீண்டநேரம் அனுப்புவது. அதே படம், அதே செயலி, அதே மாதக் கட்டணம்; ஆனால் எல்லையில் இருப்பவரின் பற்றரி பலமடங்கு கரைகிறது. வன்னிக் கிராமங்களில் செய்தி சேகரிக்கப் போகும் நாட்களில் மத்தியானத்துக்குள் என் கைபேசி செத்துப்போவதற்கு இதுதான் காரணம்.

இப்போது “மொத்தச் சக்தியைக் குறை” என்று மட்டும் ஒரு விளிம்புச் சேர்வருக்குக் கட்டளையிட்டால் அது என்ன செய்யும்? கோபுரத்துக்குக் கிட்ட நிற்பவர்களின் வேலையை மலிவாக வாங்கிக்கொள்ளும். எல்லையில் நிற்பவரிடம் உன் வேலையை நீயே செய் என்று சொல்லிவிடும். அவரிடம் இருப்பதோ பெரும்பாலும் பழைய, வேகம் குறைந்த கைபேசி. மொத்தக் கூட்டுத்தொகை நன்றாக இருக்கும். அதனால்தான் வலையமைப்புப் பொறியியலில் விகிதாசார நியாயம் என்றொரு விதியைப் பாவிக்கிறார்கள்: ஒருவருக்கு ஏற்கெனவே கிடைத்திருப்பதோடு ஒப்பிட்டு அடுத்த பங்கைக் கொடுப்பது. நிறையக் கிடைத்தவர் கொஞ்சம் காத்திருப்பார். கிடைக்காதவரின் முறை விரைவில் வரும். மொத்தத்தில் சிறிது இழப்பு. யாரும் பட்டினியில்லை. கோபுரத்தின் அலைவரிசையைப் பங்கிட இது நீண்டகாலமாகப் பாவனையில் இருக்கிறது. அதே விதி கணிப்புநேரத்துக்கும் பற்றரிக்கும் பொருந்துமா என்பது இந்தத் துறையில் இன்னும் எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் பகுதி.

ரயில் பாதையிலும் இந்த ஏற்றத்தாழ்வு அப்படியே வரும். நிலையத்துக்கும் ஊருக்கும் கிட்டவுள்ள தூணுக்கு நல்ல சமிக்ஞை. அது மெலிந்த மூளையோடு, படத்தை அனுப்பிப் பிழைத்துக்கொள்ளலாம். காட்டின் நடுவிலுள்ள தூண் அனுப்பினால் செத்துப்போகும். அதற்குப் பெரிய மூளையும், அதைத் தாங்கப் பெரிய பற்றரியும், பெரிய சூரியகலமும் வேண்டும். ஆகவே எல்லாத் தூணுக்கும் ஒரே பெட்டியைக் கேள்விப்பத்திரத்தில் எழுதி வாங்கினால், யானைகள் அதிகம் கடக்கும் இடத்தில் இருப்பதுதான் முதலில் நிற்கும். பெட்டிகளை ஒரேமாதிரி வாங்குவது கணக்காளருக்கு வசதி. காட்டில் சமிக்ஞை ஒரேமாதிரி இருப்பதில்லை.

எனவே கமரா வாங்குவதற்கு முன்னால் செய்யக்கூடிய, கிட்டத்தட்டச் செலவேயில்லாத ஒரு வேலை இருக்கிறது. சமிக்ஞையின் டிபிஎம் அளவைப் பதிவுசெய்யும் இலவசச் செயலிகள் கிடைக்கின்றன. நாட்டிலுள்ள ஒவ்வொரு வலையமைப்பின் சிம்மும் போட்ட கைபேசிகளோடு யாராவது இருவர், ஹபரணையிலிருந்து புனானைவரை, பாதை பராமரிப்பாளர்கள் செல்லும் தள்ளுவண்டியில் ஒரு தடவை போய்வரட்டும். ஒவ்வொரு கிலோமீற்றர் கல்லிலும் ஐந்து நிமிடம் நின்று அளக்கட்டும். வெயில் காலத்தில் ஒரு தடவை, மார்கழி மழையில் இன்னொரு தடவை. எந்தக் கல்லில் கணினி வேண்டும், எந்தக் கல்லில் கமரா மட்டும் போதும் என்பதற்கான பதிலில் பாதி அந்த இரண்டு தாள்களில் இருக்கும்.